பரம்புப் பலகையில் நின்றவள்

தம்பி மகன் வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஒரு போட்டோ காட்டினான். நீலத் தண்ணீர். முன்னால் ஒரு மோட்டார் படகு. அதன் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் மாட்டிய பலகைகளின் மேல் நின்றபடி இவன் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகிறான். “இதுக்குப் பேரு வாட்டர் ஸ்கீயிங், அத்தை. நம்ம குடும்பத்துல மொத ஆளு நான்தான்” என்றான். படகு, பலகை எல்லாம் சரிதான். அந்த ‘மொத ஆளு’தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கே.கே. நகரில் மகன் வீட்டு மாடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் கிழவிதானே என்று நினைத்திருப்பான். காது கொஞ்சம் மந்தம், முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று ஒருவன் என் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போக முடியாது. அவனை உட்கார வைத்துச் சொன்னேன். சொன்னதை இப்போது எழுதியும் வைக்கிறேன்.

கோச்சடைக்கு மேற்கே தள்ளி எங்கள் ஊர். வீடுகள் கண்மாய்க்கு மேற்குப் பக்கத்து மேட்டில் இருந்தன. வயல்கள் கிழக்கே, கண்மாய்க் கரைக்குக் கீழே. வற்றிய காலத்தில் கண்மாய்க்குள்ளேயே குறுக்கே நடந்து வயலுக்குப் போய்விடலாம். மழையில் கண்மாய் பெருகிவிட்டால் கரையைச் சுற்றித்தான் போக வேண்டும், போய்ச் சேர்வதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். எங்கள் அய்யாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சுற்றிப் போவது என்றாலே ஆகாது. காற்றில் விழுந்த பனை மரம் ஒன்றை இரண்டு துண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டி ஒரு தோணி செய்தார். ஊரே சிரித்தது. “மாட்டுத் தொட்டியில பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போறான்டா” என்று ஊர் மந்தையில் கூடிப் பேசினார்கள். அய்யா காதில் வாங்கவில்லை.

அந்தத் தோணிப் பயணங்களைப் போல் சந்தோஷம் பிறகு எனக்கு ரயிலிலும் கிடைக்கவில்லை, காரிலும் கிடைக்கவில்லை. அய்யா பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார். நான் முன்னால் உட்கார்ந்து, உள்ளே கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டிருப்பேன். ஆத்தா நடுவில் கஞ்சிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொள்வாள். என் அம்மாவுக்கு உலகத்தில் பயம் என்று இருந்தது தண்ணீர் ஒன்றுதான். அண்ணன் மாடுகளை ஓட்டிக்கொண்டு கரை வழியாக ஓடி வருவான். மாடு முந்துகிறதா, தோணி முந்துகிறதா என்று தினமும் போட்டி. தோணி தோற்கும்போலத் தெரிந்தால் அய்யா வேண்டுமென்றே அதை ஆட்டுவார். ஆத்தா கண்ணைத் திறக்காமலே, “கரைக்கு வாங்க, இருக்கு ஒங்களுக்கு!” என்று வைவாள். நீர்க்காகங்கள் பயந்து எழும்பும். அண்ணன் கரையிலிருந்து கூவிச் சிரிப்பான்.

வயலுக்குப் போனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் காத்திருக்கும். நடவுக்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டி, உழுது சேறாக்கி, பிறகு மேடு பள்ளம் இல்லாமல் பரம்படிப்பார்கள். நீளமான கனத்த பலகை ஒன்றுதான் பரம்பு. அதைக் கயிற்றால் நுகத்தடியில் கட்டி மாடுகள் இழுக்கும். ஒருவர் அதன் மேல் நின்று ஓட்டுவார். பலகை சேற்றை அமுக்க வேண்டுமென்றால் பாரம் வேண்டும். அந்தப் பாரம்தான் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளை ஓட்டுகிறவரின் காலடியில் உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் வயலில் அந்த உத்தியோகம் எனக்கு.

ஒரு வருஷம் உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் அண்ணனின் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். அவன் வேண்டுமென்றே மாட்டை விரட்டினான். சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து தலைக்கு மேலே எழும்பி விழுந்தது. பலகை ஓடுகிறதா வயல் ஓடுகிறதா என்று தெரியவில்லை. வரப்பில் வந்து இறங்கியபோது என்னில் வெளுப்பாக இருந்தது பல் மட்டும்தான். ஆத்தா என்னைப் பார்த்து, “இந்தச் சட்டியத் தேச்சுக் கழுவ நாலு நாள் ஆகும்” என்றாள். திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியாத முகம் அவளுக்கு.

பிறகு எனக்குச் சடங்கு வைத்தார்கள். பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே சட்டமும் வந்துவிட்டது. ஆத்தாவின் அண்ணன், எங்கள் மாமா, தாய்மாமன் சீர் கொண்டு வந்தவர், அந்தச் சீரோடு சட்டத்தையும் கொண்டு வந்தார். வயசுக்கு வந்த பெண் பரம்பில் ஏறினால் கண்மாய் வற்றிவிடுமாம். தோணியும் கூடாது. அவர் மகனுக்கு என்னைக் கட்டுவதாகப் பேச்சு இருந்தது, ஆகவே என் கால் எங்கே படலாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டார். ஆத்தா தன் அண்ணன் பேச்சைத் தட்டாதவள். “இனிமே தோணியும் கெடையாது, பலகையும் கெடையாது” என்று முடித்துவிட்டாள்.

அதன் பிறகு கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் கரையைச் சுற்றி நடந்தேன். கண்மாய்க்கு நடுவில் அய்யாவின் தோணி போகும். அதில் என் இடம் காலியாக இருக்கும். எனக்கு அழுகை வந்ததே இல்லை, கோபம்தான் வந்தது. போன வருஷம் வரை என் பாரம் வேண்டியிருந்தது. இந்த வருஷம் என் பாரத்தால் கண்மாயே வற்றும் என்றால், அவ்வளவு பலம் எனக்கு எங்கிருந்து வந்தது? கேட்டேன். வாயை மூடு என்றார்கள்.

யுத்தம் வந்தது. அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். தம்பி பிறந்து தொட்டிலில் கிடந்தான். அந்த வருஷ நடவில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

கண்மாயிலிருந்து வயலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அன்று எங்கள் மடை முறை. அந்த மடையில் பாய்கிற எல்லா வயல்களிலும் வேலை. அய்யா விடியும்போதே பரம்படித்துவிடலாம் என்று நம்பி, நாற்றைப் பறிக்கச் சொல்லிவிட்டார். பரம்படிக்காமல் நாற்றைப் பறிக்கக் கூடாது என்பது எங்களில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அய்யாவின் அவசரத்துக்கு மட்டும் தெரியவில்லை. பறித்துக் கட்டிய நாற்று முடிகளை வரப்பில் அடுக்கியாகிவிட்டது. நடவுப் பெண்கள் வந்து நின்றார்கள். மாட்டை நுகத்தில் பூட்டும்போது வலத்து மாடு மிரண்டு அய்யாவின் பாதத்தை மிதித்துவிட்டது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பறித்த நாற்று காத்திருக்காது. அன்றைக்கு நடாவிட்டால் வீணாகும், மறுபடி நாற்றுப் பாவ விதையும் கிடையாது, நாளும் கிடையாது. அந்த வயல்தான் எங்கள் வருஷச் சோறு. மாமாவின் வயல் பக்கத்திலேயே இருந்தது, அங்கே இரண்டு ஏர்கள் நின்றன. அய்யா அவரிடம் ஆள் கேட்டு அனுப்பினார். மாமா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வழியாக நிதானமாக வந்தார்.

“எங்க வேலையே முடியல மாப்ள. ஒரு போகம் போனா என்ன, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்” என்றார்.

அய்யாவின் முகம் வெளிறிப்போனது. வலியால் இல்லை. அந்த ‘என்ன’வில்தான் எனக்குத் தலைக்கேறியது. தாவணியை இழுத்துச் சொருகினேன். சேற்றில் இறங்கினேன். யாரையும் கேட்கவில்லை. மாட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பலகையில் ஏறி நின்றேன்.

“ஏய்! எறங்கு!” என்று மாமா கத்தினார். “தங்கச்சி, ஒம் மகள எறங்கச் சொல்லு. சேத்துப் பலகையில பட்ட காலு எங்க வீட்டு வாசல்ல படாது. சொல்லிட்டேன்.”

“படாட்டிப் போகுது” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. மாடுகளை அதட்டினேன்.

மாடு கிளம்பியது. எனக்கு உயிர் வந்தது. இரண்டு வருஷமாக மூடிக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சில் திறந்துகொண்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பியது. முன்னால் பிடிக்க இடுப்பு இல்லை, நானேதான் நின்றேன். வயலின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பலகை மேட்டில் ஏறித் தாவிப் போயிருக்கிறது. மேடு மேடாகவே இருக்கிறது, பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. நான் சவாரி செய்திருக்கிறேன், பரம்படிக்கவில்லை.

“பாரம் பத்தலம்மா!” என்று அய்யா வரப்பிலிருந்து கத்தினார்.

நடவுப் பெண்களில் ஒருத்தி கல்லைத் தூக்கி வந்து பலகையில் வைத்தாள். மாடு இழுத்ததும் அது உருண்டது, என் கால் நசுங்காமல் தப்பித்ததே பெரிது. மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “பொம்பளப் பாரம் அம்புட்டுத்தான்” என்றார். இறங்கிவிடுவேன் என்று அவர் நம்பினார். இறங்கத்தான் வேண்டுமோ என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது.

அப்போதுதான் ஆத்தா அசைந்தாள். அதுவரை புங்க மரத்தில் கட்டிய தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தொட்டில் கயிற்றைப் பக்கத்துப் பெண்ணின் கையில் கொடுத்தாள். கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் சொருகினாள். தோணியில் கண் திறக்காத என் ஆத்தா, முழங்கால் அளவுத் தண்ணீருக்குள் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள். பலகையில் ஏறி, பின்னால் நின்று, என் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது.

“நீயுமா?” என்றார் மாமா.

ஆத்தா தன் அண்ணனைப் பார்த்தாள். “பாரம் பத்தலண்ணே. நீயும் ஏறுறியா?” என்றாள்.

நடவுப் பெண்கள் குலவை போட்டார்கள். முதல் நாற்று ஊன்றும்போது போட வேண்டிய குலவை, அதற்குள்ளேயே வந்துவிட்டது. நான் மாட்டை விரட்டினேன். இந்தத் தடவை பலகை அமுங்கியது. சேறு பலகைக்குக் கீழே சொன்னபடி கேட்டது. தண்ணீர் எழும்பி எங்கள் மேல் விழுந்தது. முதல் சுற்றில் ஆத்தா கத்தினாள், சாமியை எல்லாம் கூப்பிட்டாள். இரண்டாவது சுற்றில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தாள். சேற்றுக்குள்ளிருந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். “இன்னுங் கொஞ்சம் வெரட்டுடி” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் வயல் நட்டு முடிந்தது. வீட்டுக்குத் தோணியில் போனோம். அய்யா காலை நீட்டி நடுவில் உட்கார்ந்தார், தம்பி அவர் மடியில். நான் கழி ஊன்றினேன். ஆத்தா முன்னால் உட்கார்ந்து சிரட்டையால் தண்ணீர் இறைத்தாள். எங்கள் குடும்பம் அப்படி இடம் மாறி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

மாமா சொன்னபடியே சம்பந்தத்தை முறித்தார். முறிக்கட்டும். அடுத்த வருஷம் மழை பொய்த்தது, கண்மாய் வற்றியது, ஊரே எங்கள் வீட்டைப் பார்த்துத் துப்பியது. அதற்கடுத்த வருஷம் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கில் வழிந்து ஓடியது. அப்போதும் நானும் ஆத்தாவும்தான் பரம்படித்தோம். வற்றியது எங்களால் என்றால் நிரம்பியதும் எங்களால்தானே? அதற்கு மட்டும் ஒருவரும் வந்து கும்பிடவில்லை.

பரம்பில் நின்றவள் என்று பெயர் எடுத்த பெண்ணை யார் கேட்டு வருவார்கள் என்று சொந்தக்காரர்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். பழங்காநத்தத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைத் தொடுவதற்கு முன்பே ஆத்தா வாசலுக்கு வந்து நின்றாள். “மொதல்லயே சொல்லிப்புடுறேன். எம் மக பரம்புல ஏறி நின்னவ. பின்னால தெரிஞ்சு பேச்சு வரக் கூடாது” என்றாள்.

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு, “பொண்ணு விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“விழுகல” என்றாள் ஆத்தா. “நாங்க ரெண்டு பேருமே விழுகல.”