டேங்க் மூடியில் சந்தனம்

அய்யாவுவைப் பொறுத்தவரை உலகத்தில் எது கெட்டாலும் அது கரண்ட் கோளாறுதான். நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் எலெக்ட்ரீஷியன். ஹனூர்க்காரர், குடியிருப்பது மைசூரில். இட்லி மாவு புளிக்காவிட்டால்கூட "எங்கியோ லூஸ் கனெக்‌ஷன்" என்பார். மனைவி ராணி பேசாமல் இருந்தால் அதற்கும் அதையேதான் சொல்வார்.

அவருடைய ஒரே ஆசை, ஒரே வம்பு, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பழைய பியட் கார். தொண்ணூற்று நாலில் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அது புதிதாக ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது ஜம்மென்று கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் இருமும், விக்கும், நின்றுவிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

அய்யாவு பேட்டரி முனைகளைச் சுரண்டினார். பிளக்குகளைத் துடைத்தார். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். காயிலையே மாற்றினார். பன்னிமண்டபத்து மெக்கானிக் தொட்டையன், "கரண்ட் இல்லண்ணா, பெட்ரோல் வரல" என்று கார்பரேட்டரைக் கழற்றி ஊதி, பெட்ரோல் பம்பையும் பிரித்துப் பார்த்தான். "இனி நின்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றான். ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேருவதற்குள் அவன் பேர் மாறியிருக்க வேண்டும்.

பெட்ரோல் காட்டும் முள் செத்து ரொம்பக் காலம் ஆயிற்று. அதனால் வண்டி நின்றால் அய்யாவு பானட்டுக்குள் தலையை விட்டபடி, "புள்ள, பெட்ரோல் பாரு" என்பார். ராணி பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்து, "இருக்குதுங்க" என்பாள். அப்புறம் சாவியைத் திருகினால் வண்டி உறுமும். கடைசியாகத் தொட்ட ஒயர்தான் காரணம் என்று அய்யாவு மீசையைத் தடவுவார்.

கார்த்திகை மாதம், நஞ்சன்கூடு சாலையில் நின்ற காரை, சொந்தக்காரர்கள் நிறைந்த பஸ் ஒன்று கையாட்டிக்கொண்டே கடந்து போனது. ராணியின் பொறுமை அதோடு தீர்ந்தது. "இனிமே இந்த வண்டி இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்."

அய்யாவு வேறு வழியில்லாமல் கொள்ளேகால் வியாபாரி லிங்கப்பனை வரச்சொன்னார். ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் கரும்புக்காட்டு ஓரமாக வண்டி நின்றது.

"என்ன ஸ்வாமி இது! பெட்ரோல் இருக்கா?" என்றார் லிங்கப்பன்.

அன்று ராணி உடன் வரவில்லை. அய்யாவு தாமே போய் மூடியைத் திருகினார். டேங்க் 'புஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைக் கண்ணருகே கொண்டுபோனார். நடுவில் கெட்டியாகக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமப் பொட்டு. காற்றுப் போகும் துளை அதற்கடியில். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. அப்புறம் டேங்க் எப்படிப் பெட்ரோலை விடும்?

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கத்தப் போனவர், லிங்கப்பனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நகத்தால் ஒரு சுரண்டு போதும். வண்டி நல்ல வண்டியாகிவிடும். நல்ல வண்டி கொள்ளேகால் போய்விடும்.

மூடியை இறுக்கித் திருகினார். "இருக்குதுங்க. போலாங்க."

வண்டி பறந்தது. "அட, பரவால்ல! நாளைக்கே எடுத்துக்கறேன்" என்றார் லிங்கப்பன். 'நில்லு தாயி, நில்லு' என்று தன் காரை அய்யாவு முதன்முதலாகக் கெஞ்சியது அன்றுதான். அது ஒருவழியாக இருமியது, விக்கியது, நின்றது.

"அய்யய்யோ, மறுபடியுமா!" என்றார் அய்யாவு. குரலில் போதுமான துக்கம் வரவில்லை.

"நீங்களே வெச்சுக்கங்க ஸ்வாமி. நான் மாட்டு வண்டி பாத்துக்கறேன்." லிங்கப்பன் கைகாட்டி பஸ் ஏறினார்.

பஸ் மறைந்த பிறகு அய்யாவு ஒரு துண்டுக் கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆசைக்கு அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வித்தாச்சுங்களா?" ராணி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அவுரு வேண்டான்னுட்டாரு. ஆனா இனி நிக்காது. மூடில சந்தனம் வெச்சது யாரு?"

"நாந்தான். ஆயுத பூஜையன்னிக்கு, வழியில நிக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்."

"தெறக்கறப்ப புஸ்ஸுன்னு சத்தம் கேக்கலியா?"

"கேட்டுச்சு. வயசான வண்டி, பெருமூச்சு விடுதுன்னு நெனச்சேன். நீங்களுந்தான் விடறீங்க."

சந்தனம் துளையை அடைத்திருந்ததையும் லிங்கப்பன் பஸ் ஏறியதையும் அவர் சொல்லி முடித்தார். ராணி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அப்ப நான் வெச்ச சந்தனத்தாலதான வண்டி நம்மள வுட்டுப் போகல?"

அந்தப் பேச்சில் எங்காவது லூஸ் கனெக்‌ஷன் இருக்குமா என்று அய்யாவு தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.