இருபத்திரண்டாவது தட்டு

என்னுடைய முதல் பெரிய ஆர்டரை நான் பாத்ரூமில் நின்றுகொண்டுதான் வாங்கினேன்.

வேறு இடம் இல்லை. மயிலாடுதுறையில் எங்களுடைய வாடகை வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. மூன்றிலும் ஒரே நேரத்தில் இருக்கும் வித்தை என் மகளுக்குத் தெரியும். இரண்டரை வயது. நான் போனை எடுத்தால் போதும், அதுவரை வராத பசி, தாகம், அழுகை எல்லாம் அவளுக்கு வந்துவிடும். அதனால் மணி அடித்ததுமே பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி, "சொல்லுங்க மேடம்" என்பேன். கதவில் தொம் தொம் என்று அடி விழும். "கடையில ஷெல்ஃப் அடிக்கிறாங்க மேடம்" என்பேன். கடை என்று ஒன்று கிடையவே கிடையாது.

பொய் சொல்லக் காரணம் இருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, குழந்தையோடு இங்கே வந்த பிறகு, சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்ய ஆரம்பித்தேன். சேலையை மயிலாக மடிப்பது, கல்கண்டைக் கோபுரமாக அடுக்குவது, வளையல்களால் தேர் கட்டுவது. படங்களை ஸ்டேட்டஸில் போட்டதும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் கூப்பிட்டவர் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டதும், "கைக்குழந்தையா? அப்ப சொன்ன டயத்துக்கு வருமா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் அவர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தது. அன்றிலிருந்து பாத்ரூம்தான் என் ஆபீஸ்.

அந்தப் பெரிய ஆர்டரைக் கொடுத்தவர் கும்பகோணத்துக்காரர். திருக்கடையூரில் அவருடைய அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். மகள் வீட்டுச் சீர், இருபத்தொரு தட்டு.

"ஒத்தப்படைம்மா. அது மட்டும் மாறவே கூடாது. எங்க சனம் முதல்ல தட்டத்தான் எண்ணும்."

"கண்டிப்பா மேடம்."

அன்றைக்கே நான் எனக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். இது சரியாக வந்தால் தொடர்வது. சொதப்பினால், தட்டில் பூவும் மணியும் ஒட்டும் பசைத் துப்பாக்கியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, மறுபடி வேலைக்கு விண்ணப்பிப்பது. நடுவில் தொங்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

வேலை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை, அதாவது அவள் தூங்கும் நேரம் மட்டும். பசை சூடாக இருக்கும்போது அவள் விழித்துவிட்டால் எல்லாவற்றையும் பீரோவுக்கு மேல் ஏற்ற வேண்டும். ஒரு நாள் எழுந்தவள் சத்தமே போடாமல் ஜிகினாப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் தலையில் கொட்டிக்கொண்டாள். இரண்டு வாரம் எங்கள் வீட்டு ரசத்தில்கூட மினுமினுப்பு இருந்தது.

இருபத்தொன்றில் எனக்குப் பயம் தந்தது லட்டு கோபுரம் ஒன்றுதான். வண்டி குலுங்கினால் சரிந்துவிடும். பழைய வேலையில் மண்டையில் ஏறிய பாடம் ஒன்று இருந்தது: பேக்கப் இல்லாமல் எதையும் அனுப்பாதே. அதனால் இன்னொரு லட்டு கோபுரமும் கட்டினேன். இருபத்திரண்டாவது தட்டு. அது வண்டியிலேயே இருக்கும், தேவைப்பட்டால் மட்டும் இறங்கும் என்பது திட்டம். எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

போகிற அன்று காலை ஐந்து மணிக்கு மாடிவீட்டு அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கணவர் மருந்துக் கம்பெனி வேலையாக நாகப்பட்டினத்தில் இருந்தார். நாலரைக்கு அக்கா இறங்கி வந்து, "எனக்கு ராத்திரிலேர்ந்து காய்ச்சல் கொதிக்குது, பாப்பாவுக்கு ஒட்டிக்கும்டி" என்றார். நியாயம்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குட்டியானை வண்டியின் முன் சீட்டில் ஏறினேன். பாதி ரோட்டை அடைத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குவியலையும் டிரைவர் ஒடித்து வளைத்துத் தாண்டும்போதும் நான் லட்டுகளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு லட்டுகூட நகரவில்லை. மண்டப வாசலில் வண்டி நின்றது.

"பத்து நிமிஷம் பாப்பாவப் பாத்துக்குங்கண்ணே, தட்ட வச்சுட்டு ஓடியாந்துர்றேன்."

"நீ போம்மா, நான் இருக்கேன்ல."

"அம்மா, உச்சா" என்றாள் மகள்.

அவளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். புதுப் பாவாடை, முடிச்சு அவிழவில்லை. திரும்பி வந்தால் வண்டி காலி. டிரைவர் நல்ல மனுஷர், எனக்கு உதவியாக இருக்கட்டுமென்று எல்லாத் தட்டுகளையும் உள்ளே இறக்கிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும்.

உள்ளே ஜமக்காளத்தில் தட்டுகள் வரிசையாக இருந்தன. பெண்கள் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து முடித்துவிட்டார்கள். என் வாடிக்கையாளர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்தி ரெண்டு வருதே." மறுபடி எண்ணினார். என்னைப் பார்த்தார். "ஏம்மா, எத்தனை தடவ சொன்னேன்?"

"மேடம், ஒண்ணு வந்து... பேக்கப்."

"சீருக்குப் பேக்கப்பா?"

மகளின் கையை விட்டுவிட்டு லட்டுத் தட்டைத் தூக்கக் குனிந்தேன்.

"ஐயையோ, தொடாத!" என்று ஒரு குரல். அறுபதாம் கல்யாணப் பெண்தான், கூறைப் புடவையில். "பொட்டு வச்சு பரப்புன சீரத் திருப்பி எடுப்பாங்களா யாராவது? நல்லநாளும் அதுவுமா?"

"அப்ப ரெட்டப்படையா இருக்கட்டுங்கிறியாம்மா?" என்றார் என் வாடிக்கையாளர்.

"அதுவும் கூடாது."

வெளியே நாயனக்காரர் சீவாளியைச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. "கோயில் வாசல்ல ஒரு தட்டும் பழமும் வாங்கிட்டு ஓடியாந்துர்றேன் மேடம், இருபத்திமூணாயிரும்" என்று திரும்பினேன். வீட்டுப் பரணும் பசைத் துப்பாக்கியும் கண்ணுக்குள் வந்து போயின.

அப்போதுதான் பின்னாலிருந்து, "அம்மா, லட்டு!"

வரிசையின் கடைசித் தட்டுக்கு முன்னால் என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு லட்டு. இரண்டிலும் கடித்த அடையாளம். கோபுரம் மடியில் சரிந்து கிடந்தது. இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரகசியம் நடு மண்டபத்தில் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எச்சி பண்ணிட்டா. இனிமே அது சீர்ல சேராது. நாம எடுத்தாத்தான் குத்தம், பச்சப்புள்ள எடுத்தா அம்பாளே கையில வாங்கிக்கிட்ட மாதிரி. இப்ப எண்ணு."

என் வாடிக்கையாளர் எண்ணினார். "இருபத்தொண்ணு" என்றவரின் தோள் இறங்கியது. என்னுடையதும்தான்.

ஊர்வலம் புறப்படும்முன் அவர் என்னிடம் வந்தார். நான் தரையில் உட்கார்ந்து முந்தானையால் குழந்தையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இவங்கதான் உங்க கடையில ஷெல்ஃப் அடிக்கிறவங்களா?"

துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

"ஒரு மாசமா அடிக்கிறாங்களேன்னு பாத்தேன். ஒரு நாள் 'அம்மா கதவத் தொற'ன்னு வேற கேட்டுச்சு. எந்த ஆசாரிம்மா அப்படிக் கூப்புடுவான்?"

"தெரிஞ்சுமா ஆர்டர் குடுத்தீங்க மேடம்?"

"மயிலு நல்லா இருந்துச்சு, குடுத்தேன். அதுக்கு பாத்ரூம்ல போய் நிக்கணுமா? எக்கோ அடிக்குது, பாதி புரியவே இல்ல." என் மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த பூந்தியை விரலால் எடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் வண்டி காலியாக இருந்ததால் கடகடவென்று சத்தம் போட்டது. சரிய ஒன்றுமில்லை என்பதே சுகமாக இருந்தது. மகள் மடியில் பிசுபிசுப்போடு தூங்கினாள். ஆக்கூர் தாண்டும்போது போன் அடித்தது. புது எண். பழக்கத்தில் கண் கதவைத் தேடியது. ஓடும் வண்டியில் எங்கே போவது?

"சொல்லுங்க. மெதுவாப் பேசுறேன், பாப்பா மடியில தூங்குறா."

"அந்த லட்டுப் பாப்பாவா?" என்றது அந்தப் பக்கம். "தூங்கட்டும், தூங்கட்டும். வளைகாப்புக்கு ஒன்பது தட்டு வேணும். எழுந்தப்புறம் கூப்புடுங்க."