ஏழு வெள்ளை

காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கார் கம்பெனி யூனிஃபார்ம், இறுக்கிப் பின்னிய ஜடை. எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என் கையில் மகளுக்காக வாங்கிய ஓவியக் கல்லூரி விண்ணப்பம் இருந்தது. அதைக் கண்டதும், தானும் ஓவியம்தான் படித்ததாகச் சொன்னாள்.

“அப்புறம் ஏம்மா கார் கம்பெனி?”

“பெயிண்ட் செக் பண்றேன்க்கா. மத்தவங்களுக்கு ஒரே வெள்ளையா தெரியறது எனக்கு ஏழு வெள்ளையா தெரியுது. அதுக்குத்தான் எடுத்துக்கினாங்க. நல்ல வேலைதான்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. வரைகிறவர்களுக்கும் வேலை இருக்கிறதே! “வீட்ல வரையறியா?”

“வரைய உக்காந்தா கண்ணு தப்பையே தேடிக்கினு இருக்குது. விட்டுட்டேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? குழப்பத்தோடு, கைப்பேசியில் என் மகள் வரைந்த பூக்காரியைக் காட்டினேன். தலையைச் சாய்த்தாள். படத்தில் ஓரிடத்தில் அவள் விரல் போய் நின்றது.

“சூப்பரா இருக்குதுக்கா, சேத்து விடுங்க,” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

விண்ணப்பம் அனுப்ப நாளைதான் கடைசி நாள். அனுப்பியாச்சா என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்த விரல் நின்ற இடத்தை நானும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன்.