பவானிபூரில் நான் கடித்த விரல்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வாய் பருப்புச் சாதம் தின்றதற்காகப் பழனி ஆண்டவர் என்னைக் கொல்ல முடிவு செய்துவிட்டார் என்று, போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மனதார நம்பினேன். அதுவும் கொல்கத்தாவில், யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு.

அடியார்களே, எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிறந்து வளர்ந்து வெற்றிலை மென்றதெல்லாம் ரங்கூனில்தான். அதற்குமுன் பர்மாவைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு உயிரும் பிழைத்தன. நாற்பத்தெட்டு நாள் கவுச்சி தொடாமல் விரதம் இருந்தேன்; மொட்டை போடும்வரை அதை விடக்கூடாது. பிறகு நானும் என் மனைவி சரோஜாவும் விமானம் ஏறினோம். காலையில் கொல்கத்தாவில் இறங்கி, ஒன்பது மணி நேரம் காத்திருந்து, ராத்திரி ஏழு மணிக்குச் சென்னை விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

விமானத்தில் ஒரு பன் கொடுத்தார்கள். முட்டை சேர்த்திருப்பார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். சரோஜா அவளுடையதையும் தின்று என்னுடையதையும் தின்றாள்.

அவளுக்குக் கொல்கத்தாவில், பவானிபூரில், ஒரு தோழி உண்டு. பெயர் ஷிப்ரா. வங்காளிப் பெண். ரங்கூனில் எங்கள் தெருவிலேயே வளர்ந்து, சரோஜாவோடு ஒரே வகுப்பில் படித்து, கல்யாணமாகி இந்தியா போனவர். ஒன்பது மணி நேரம் விமான நிலையத்தில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். போனோம்.

டாக்சி பவானிபூருக்குள் நுழைந்ததுமே எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு கடை வாசலில் தோல் உரித்த ஆடுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் வால் நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் மயிரை விட்டுவைத்திருந்தார்கள். எதற்கு? அழகுக்கா? கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கை மூட முடியவில்லை. எந்த ஜன்னலிலிருந்து வந்தாலும் கடுகெண்ணெய் வாசம். ஷிப்ராவின் வீட்டு மாடிப்படி மூலையில் சிவப்பாக வெற்றிலை எச்சில். ரங்கூனில் நாங்கள் துப்பாத எச்சிலா? ஆனால் நாம் துப்பினால் எச்சில், அடுத்தவன் துப்பினால் அசிங்கம். அதுதானே நியாயம்!

ஷிப்ரா என்னை 'ஜாமாய்பாபு' என்று கூப்பிட்டார். அக்கா புருஷனை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். நம் ஊர் மச்சினியைப் போலவே கிண்டல் செய்யவும் உரிமை உண்டாம். பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான். ஒரு தமிழனும் ஒரு வங்காளியும் கொல்கத்தாவில் உட்கார்ந்து பர்மியம் பேசினோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சரோஜா போனிலேயே என் விரதத்தைச் சொல்லியிருந்தாள். "கவலையே வேணாம் ஜாமாய்பாபு, வீட்டுக்குள்ள கறியே வரல" என்றார் ஷிப்ரா. நம்பி உட்கார்ந்தேன். சோறு, கத்தரிக்காய் வறுவல், கெட்டியான பருப்பு. பருப்பு பிரமாதமாக மணந்தது. ஒரு வாய் பிசைந்து விழுங்கினேன். இரண்டாவது வாய்க்குக் கை வைத்தபோது விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

மீன் தலை. பருப்புக்குள் மீன் தலை.

"ஐயோ, ஷிப்ரா! இது மீன்!"

"ஆமா, கறி இல்லையே? விருந்தாளிக்குன்னு பெரிய மீனோட தலையா வாங்கி, உடைச்சுப் போட்டேன். தலை போடாத பருப்பை ஜாமாய்பாபுவுக்கு எப்படி வைக்கிறது?"

மரியாதைக்குத் தலையைக் கொடுத்திருக்கிறார். நான் கையலம்பும் தொட்டிக்கு ஓடி, ஓவென்று ஓங்கரித்தேன். வந்தது எச்சில் மட்டும். விழுங்கிய வாய் உள்ளேயே இருந்துகொண்டது. திரும்பி வந்தால் எல்லாமே நாறியது. சோறு நாறியது. தண்ணீர் டம்ளர் நாறியது. அரிவாள்மணையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கத்தரிக்காயையும் அதில்தான் நறுக்கியிருப்பார்கள் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். "வேற பண்ணித் தரேன்" என்று அவர் கெஞ்சினார். வேண்டாம் என்றேன்.

"ஒரு வாழைப்பழமாச்சும் தின்னுங்க" என்றாள் சரோஜா.

"அது எந்தக் கூடையில இருந்துச்சோ!"

"ஆமா, அங்கேயும் மீன் ஏறிப் படுத்திருந்துச்சு. போங்க, பட்டினி கெடங்க" என்று அவள் மீன் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டாள். இருவரும் முள் எடுத்து, விரல் சூப்பி, முப்பது வருஷக் கதை பேசினார்கள். நான் மூக்கில் கைக்குட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணி இருக்கும். விமான நிலையத்துக்கே போய் உட்காரலாம் என்று, ஷூ போட மாடிப்படிக்கு வந்தேன். ஒரு காலுக்குப் போட்டாயிற்று. அடுத்த காலின் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. கை நடுங்கியது. தை மாதக் குளிரில் சட்டை தெப்பமாக நனைந்தது. படிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சரோஜாவைக் கூப்பிட நினைத்தேன். நாக்கு புரளவில்லை.

அப்போதுதான் முடிவு செய்தேன்: தண்டனை. நாற்பத்தெட்டு நாள் காத்த விரதம் ஒரு வாயில் போயிற்று, முருகன் வேலை எறிந்துவிட்டார். நான் செத்தாலும் சரி, இந்தக் கோபம் மகள் மீதும் பேரன் மீதும் போய்விட்டால்? அடியார்களே, இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை வரவில்லை. அழுதேன். "முருகா, தெரியாமத் தின்னுட்டேன். என்னை வேணா எடுத்துக்கோ. கொடுத்த ரெண்டு உயிரைத் திருப்பிக் கேக்காதே. இல்ல, என்னை மன்னிச்சேன்னா, யாரையாச்சும் அனுப்பு" என்று மனதுக்குள் கதறினேன்.

அனுப்பினார். ஷிப்ராவை அனுப்பினார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு வாசல் பக்கமாகப் போனவர், படியில் என்னைப் பார்த்ததும் அலறினார். "சரோ! ஓடி வா! எங்க வீட்டு ஆளுக்கும் இப்படித்தான் வரும்!" உள்ளே ஓடி, அரிசி டின்னுக்குப் பின்னால் கணவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த ஒரு மண் சட்டியோடு வந்தார். அதில் ரசகுல்லா. வெள்ளை ரசகுல்லா என்றாலும் பரவாயில்லை. இது குளிர்காலத்து ஈச்சவெல்லப் பாகில் போட்டது. சேற்றில் விழுந்த பந்து மாதிரி இருந்தது. கை கழுவவில்லை. மீன் குழம்பு காய்ந்த அதே விரல்களால் அதை எடுத்து, பாகு முழங்கை வரை வழிய, என் வாய்க்கு நேரே கொண்டுவந்தார்.

நான் என்ன செய்தேன்? யாரையாவது அனுப்பு என்று கெஞ்சிவிட்டு, அனுப்பிய ஆளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வாயத் தொறங்க ஜாமாய்பாபு!"

தலையை ஆட்டினேன். கவுச்சி, கவுச்சி!

"ஏங்க, சாகப் போறீங்களா? தொறங்க!" சரோஜா என் மூக்கைப் பிடித்தாள். இருபத்தேழு வருஷத்தில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்த அனுபவம். மூச்சுக்கு வாயைத் திறந்தேன். ரசகுல்லா உள்ளே போனது. கூடவே விரலும் போனது. நறுக்கென்று கடித்துவிட்டேன். ஷிப்ரா கத்தினார், ஆனால் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் பாகை ஊற்றிக்கொண்டே இருந்தார். விரதத்தில் நான் அறிந்து கடித்த ஒரே மாமிசம் ஷிப்ராவின் ஆள்காட்டி விரல்தான்.

கால் மணி நேரத்தில் படிகள் ஒன்றொன்றாயின. வியர்வை நின்றது. மூக்குக்குக் கடுகெண்ணெய் வாசம் திரும்பியது. அன்று அதைவிட நல்ல சேதி வேறில்லை. ஷிப்ரா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, "விரதக்காரருக்கு நல்ல பல்லு" என்றார். நான் அவர் காலைத் தொட்டேன். துள்ளி விலகினார்.

பழனியில் மொட்டை போட்டேன். சந்நிதியில் நின்றபோது பயம் ஒரு பொட்டும் இல்லை. தண்டிக்கிற சாமி என்று இத்தனை வருஷம் நான் கும்பிட்டது, என் பயத்தைத்தான். கேட்ட நிமிஷத்தில் ஆள் அனுப்புகிற சாமி அவர். அனுப்பிய ஆளின் கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது நாம்தான். ஆகவே அடியார்களே, நம்பிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வாயைத் திறந்து வையுங்கள். இப்போது எங்கள் வீட்டில் யார் என்ன ஊட்டினாலும் முதலில் விழுங்குகிறேன்; முகத்தைப் பிறகு சுளித்துக்கொள்கிறேன்.

எனக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்பீர்கள். ஷிப்ராவின் கணவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் இருந்த மிஷினில், முதல் ரசகுல்லா இறங்கிய கையோடு என் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை நாற்பத்தொன்பது காட்டியது; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்தாம். எனக்கும் அதே வியாதிதான்; சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரையை டாக்சியிலேயே போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன்.