அண்ணிக்காகத் தாவாரத்தை அடைத்த கதை

புளியங்கொட்டைப் பசை கொதிக்கும்போது வரும் வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. வறுத்துத் தோல் நீக்கி இடித்த கொட்டை மாவு தண்ணீரில் வெந்து கெட்டிப்படுகையில், தீய்ந்த பயறும் நனைந்த கோணியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை கிளம்பித் தலைமுடி வரைக்கும் ஏறிக்கொள்ளும். எனக்கோ அது கல்யாண வாசனை. தேவராஜ் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமான அந்த வருஷம், லெந்து நாட்கள் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பில் சோற்றுப் பானைக்குப் போட்டியாகப் பசைச் சட்டிதான் ஏறிக்கொண்டிருந்தது.

லெந்து என்றால் ஈஸ்டருக்கு முந்தைய உபவாசக் காலம். அந்த நாட்களில் எங்கள் சபையில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். ஆகவே மாசியில் நிச்சயம் செய்துகொண்டவர்களெல்லாம் ஈஸ்டர் கழியட்டும் என்று காத்திருந்து, கோவைக்காரர்களே விசிறி தேடும் நல்ல வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு கோயிலில் போய் நிற்பார்கள். அண்ணனும் அப்படித்தான் நின்றான். ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்தைப் பற்றியல்ல, கல்யாணத்துக்காக நாங்கள் செய்த அறையைப் பற்றி.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லை ஒட்டி இருந்த ‘லைன்’ வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா அந்த மில்லில் ஃபிட்டர், அண்ணன் நூற்புப் பிரிவில் வேலை. முன்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையலறை, அதையும் தாண்டினால் ‘தாவாரம்’. தாழ்வாரத்தைத்தான் அப்படிச் சொல்வோம். மேலே நாட்டு ஓடு, சுற்றிலும் இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம். அடுப்பெரிக்கும் பருத்திமாறுக் கட்டு, கோழிக்கூடை, அப்பாவின் சைக்கிள், ஆட்டாங்கல், உடைந்துபோன ஆனாலும் தூக்கிப்போட மனம் வராத எல்லாச் சாமானும் அங்கேதான் குடியிருந்தன. அதற்கு அப்பால் தண்ணீர்த் தொட்டியும் முருங்கை மரமும் இருந்த ‘பொடக்காணி’, அதாவது கொல்லைப்புறம்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. பையனுக்குக் கல்யாணம் ஆகும், விருந்து முடியும், ஒன்றிரண்டு மாதத்தில் புதுத்தம்பதி இடம் போதவில்லை என்று தனியாகப் போய்விடுவார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இருக்காது. வண்டியில் பாயும் பாத்திரமும் ஏற, அந்தத் தாய் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு, உள்ளே போய் அழுவாள். அம்மா அப்படி அழுத இரண்டொருவரைத் தேற்றிவிட்டு வந்தவள். தன் முறை வந்துவிடுமோ என்கிற பயம் நிச்சயதார்த்தத்தன்றே அவளைப் பிடித்துக்கொண்டது. தாராபுரத்தில் விசாலமான தோட்டத்து வீட்டில் பத்துப் பேரோடு வளர்ந்த பெண் இந்த முன்னறையில் எங்களோடு வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பாளா?

“வர்ற புள்ள மொகம் சுளிக்கப்படாதுங்க. தாவாரத்தை அதுகளுக்கு ஒரு ரூமா செஞ்சுபோடலாமுங்க” என்றாள் அம்மா. அப்பா ஒரு தரம் கூரையைப் பார்த்தார், ஒரு தரம் சைக்கிளைப் பார்த்தார். “செஞ்சுபோடலாம் புள்ள” என்றார். எங்கள் வீட்டில் பெரிய தீர்மானங்களெல்லாம் இந்த அளவில்தான் முடியும்.

வாடகை வீடாயிற்றே, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். மழையைப் பற்றிப் பேசினார், பருத்தியைப் பற்றிப் பேசினார், வீட்டுக்காரரின் மாட்டுக்கு வந்த கோமாரியைப் பற்றி உருகி உருகி விசாரித்தார், மோர் குடித்துவிட்டுக் கேட்காமலேயே திரும்பி வந்துவிட்டார். “அவரு அத்தன மருவாதையா பேசறாரு. எப்புடிக் கேக்கறது?” என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கல்யாணச் சேதி அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். மறுநாள் அவருடைய பண்ணையாள் ஒரு கூடைச் சுண்ணாம்புக் கல்லை இறக்கி வைத்து, “வெள்ளையடிக்க ஆகும்னு ஐயன் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க” என்றான். கேட்காத கேள்விக்கு அவரும் சொல்லாமலேயே பதில் சொல்லிவிட்டார். இந்த நாசூக்கில் எங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. இதே நாசூக்கு எங்கள் குடும்பத்தை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

புதிதாக எதுவும் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. மில்லில் கழித்துப்போட்டதுதான் எங்களுக்கு மூலதனம். பஞ்சுப் பொதி சுற்றி வந்த சாக்கு, மிஷின் சாமான் வந்த கள்ளிப்பெட்டிப் பலகை, நூல் நூற்கும் கதிர்களைச் சுழற்றித் தேய்ந்துபோன நாடா என்று ஏலத்தில் விடும்போது அப்பா சல்லிசாக எடுத்து வந்தார். பலகை கதவாயிற்று. நாடாவைத் துவைத்துக் காயவைத்து, அண்ணன் தன் கல்யாணக் கட்டிலைத் தானே பின்னினான். பின்னும்போது யாராவது பார்த்தால் அவன் காது சிவந்துவிடும். பார்ப்பதற்காகவே நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

சாக்குதான் பெரிய வேலை. மரச்சட்டத்தின் ஒரு கண் விடாமல் சாக்கை இழுத்துக்கட்டி, அதன்மேல் பசை தடவிப் பழைய செய்தித்தாள் ஒட்டி, அது காய்ந்ததும் இன்னொரு சாக்கு, மறுபடி தாள், அப்புறம் நீலம் கலந்த சுண்ணாம்பு. பசை தடவுவது என் பொறுப்பு. காய்ந்த பிறகு தட்டிப்பார்த்தால் பலகை மாதிரி சத்தம் கேட்டது. ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கையளவு சந்து இருந்தது. அப்பா அதையாவது விடலாம் என்றார். அம்மா விடவில்லை. “புதுசா வாழற புள்ளைங்க. ஒரு கண்ணு பட்டுரக் கூடாதுங்க.” அந்தச் சந்துக்குள்ளும் சாக்கைத் திணித்தோம்.

அதோடு அம்மா நின்றாளா? சமையலறையிலிருந்து தாவாரத்துக்குப் போகும் வாசலுக்கும் பலகை அடிக்கச் சொன்னாள். நாங்கள் அடிக்கடி குறுக்கே நடந்தால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாக இருக்குமாம். அறைக்குக் கொல்லைப்புறமாகக் கதவு வைத்தாயிற்று. நாங்கள் தொட்டிக்குப் போக வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. ஆட்டாங்கல்லை அப்பாவும் அண்ணனும் உருட்டிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் போட்டார்கள். முருங்கை நிழலை நம்பி யாராவது மாவாட்டுவார்களா? அம்மா ஆட்டினாள், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு. சமையலறையிலும் பகலில் விளக்கேற்ற வேண்டிய இருட்டு வந்துவிட்டது. அவள் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. வேலை முடிந்த அன்று அந்த நீல அறையின் நடுவில் நின்று, தேவனுக்கு நன்றி சொல்லிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தாள்.

ஈஸ்டர் கழிந்தது, கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது. எஸ்தர் அண்ணி வந்தாள். மெல்லிய குரல், அடர்த்தியான புருவம், யார் பேசினாலும் எழுந்து நிற்கிற பழக்கம். அறையைக் காட்டியபோது சுற்றிலும் பார்த்து, “ரொம்ப நல்லா இருக்குதுங்க அத்தை” என்றாள். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

சித்திரை வெயில் ஏறிற்று. அண்ணியின் ரவிக்கை காலையிலேயே நனைந்திருக்கும். கழுத்திலும் முழங்கையிலும் வேர்க்குரு பொரிந்தது. “ரூமு சவுரியமா இருக்குதா கண்ணு?” என்று அம்மா கேட்பாள். “நல்லா இருக்குதுங்க அத்தை.” அண்ணனைக் கேட்டால், “அதுக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்குது” என்பான். அவர்கள் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது, நாங்களும் வேறு வார்த்தை கேட்க மாட்டோம். எங்களுக்கோ அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று கட்டளை. நான் சந்து வழியாகச் சுற்றித் தொட்டிக்குப் போகையில் அறை வாசலில் அண்ணி தனியாக உட்கார்ந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் முகம் மலரும். “அம்மணி, சித்த உக்காந்துட்டுப் போ” என்பாள். உட்கார எனக்கு ஆசைதான். ஆனால் அம்மாவின் குரல் சந்துக்குள் கேட்டுவிடும்.

அவள் ஏன் சமையலறைப் பக்கம் வந்து உட்காருவதில்லை என்று அம்மா மருகினாள். யாரும் ஏன் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று அண்ணி மருகியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா அடிக்கச் சொன்ன பலகை இருந்தது. இதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, “உங்க பையன் வரதராஜபுரத்துல ஊடு காலி இருக்குதான்னு கேட்டுட்டு இருந்தானுங்களே” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அம்மா பருப்பில் உப்புப் போட மறந்தாள். யாரும் அதையும் சொல்லவில்லை.

அந்த வாரமே தாராபுரத்திலிருந்து அண்ணியின் அப்பா வந்தார். அறைக்குள் போனவர் உட்காராமலேயே வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க சம்பந்தி” என்றார். அப்புறம், “புள்ளைய ஒரு நாலு நாளு ஊருக்குக் கூட்டீட்டுப் போயிட்டுக் கொண்டாந்து உடறனுங்க” என்றார். அண்ணனும் லீவு போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினான். அண்ணி தன் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். நாலு நாளுக்குப் பெட்டி எதற்கு என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் ஏது? அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். உள்ளே வந்தவள் பலகை அடித்த வாசலுக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலை அப்பா முழு நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். முன்னறையில் நான் சத்தம்போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்ததால், தாவார அறையில் போய்த் தூங்கச் சொன்னாள் அம்மா. அவரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். வெயில் முருங்கையைத் தாண்டுவதற்குள் பொடக்காணியில் தடால் என்று கதவு திறக்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். அப்பா தொட்டித் தண்ணீரைத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். ஆள் ஆவியில் வெந்த மாதிரி இருந்தார்.

“ஏம்புள்ள, இதுக்குள்ளயா அந்தப் புள்ள இத்தன நாளும் இருந்துச்சு?” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “நல்லா இருக்குதுன்னு சொல்லுச்சுங்களே” என்றாள் அம்மா. “அது சொல்லும் புள்ள. நாம கேட்டா அது வேற என்னத்தைச் சொல்லும்?”

அப்பா அதற்குமேல் தூங்கவில்லை. கடப்பாரையை எடுத்து வந்து, நாங்கள் லெந்து நாள் முழுக்கப் பாடுபட்டு ஒட்டிய சாக்கைப் பிய்க்க ஆரம்பித்தார். புளியங்கொட்டைப் பசை லேசில் விடுமா? சுண்ணாம்பு உதிர்ந்து மூன்று பேரும் பொரிமாவில் புரண்டவர்கள் போலானோம். மேற்குப் பக்கத்துச் சாக்கு முழுதாக விழுந்ததும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டமாக உள்ளே வந்து கட்டிலில் கிடந்த போர்வையைத் தூக்கிப்போட்டது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, யாரும் சொல்லாமலேயே சமையலறைக்குள் போய், வாசலில் அடித்திருந்த பலகையை அரிவாள்மணைக் கட்டையால் உள்ளிருந்து இடிக்கத் தொடங்கினாள். மறைப்பு வேண்டுமே என்று, அன்று சாயங்காலம் தன் கல்யாணச் சேலையை இரண்டாகக் கிழித்துத் திரை தைத்தாள். இழுத்தால் மூடும், தள்ளினால் திறக்கும். அடைக்க வேண்டுமா திறக்க வேண்டுமா என்பது இனி அந்தப் பெண்ணின் இஷ்டம்.

சொன்ன நாளில் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அம்மா வரதராஜபுரத்துக்கே மனத்தளவில் சாமான் கட்டி அனுப்பிவிட்டாள். ஒரு மதியம், பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு பேரும் வந்தார்கள், அண்ணனின் தலையில் அந்தத் தகரப் பெட்டி. அண்ணி நேரே உள்ளே வந்தாள். திறந்து கிடந்த வாசலைக் கண்டாள், மரச்சட்டத்தின் வழியே தெரிந்த முருங்கையைக் கண்டாள். அம்மா திரைத்துணியைக் கையில் பிடித்தபடி, “புழுக்கமா இருந்திருக்குது, நீ சொல்லவேயில்லயே கண்ணு” என்றாள்.

அண்ணி அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். பிறகு மடை திறந்தது. “வெக்கைகூடப் பரவால்லீங்க அத்தை. யாருமே இந்தப் பக்கம் வரவேயில்லீங்களே. ஒரு நாளாவது என்னையக் கூப்புட்டீங்களா? எங்கூட்டுல பத்துப் பேருக்கு நடுவுல கெடந்தவ நானு. நாம்பாட்டுக்கு அந்தச் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறனுங்க” என்று தேம்பியவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஆட்டாங்கல்லையும் இங்கியே கொண்டாந்து போடச் சொல்லுங்க. நீங்க வெயில்ல ஆட்டறதைப் பாத்துட்டு நான் உள்ள குக்கீட்டு இருக்கோணுமா?” என்று அதட்டவே செய்தாள்.

மருமகள் மாமியாரை அதட்டினாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை ஆனந்தத்தில் சேர்த்தி. “இன்னும் என்னென்ன புடிக்கலேன்னு சொல்லீரு கண்ணு, எல்லாத்தையும் சொல்லீரு” என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அண்ணனும் அப்பாவும் கல்லை உருட்டி வந்தார்கள். வரதராஜபுரத்து வீட்டுக்கு முன்பணம் கொடுக்க இருந்ததை அண்ணன் அப்போதுதான் ஒப்புக்கொண்டான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம் அந்தத் தாவாரத்தில்தான் எங்கள் வீடே நடந்தது. அண்ணியின் கட்டிலில் நான் படித்தேன், அப்பா பகல் தூக்கம் தூங்கினார், அண்ணியின் குழந்தைகளுக்கு அங்கேதான் தூளி கட்டினோம். இரவானால் திரையை இழுத்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விடுவோம்.

இப்போது அந்த மில் இல்லை. லைன் வீடுகளை இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கண்ணாடிக் கதவு. பொடக்காணி என்ற சொல்லே என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த வீட்டை விட்டு முதலில் போனவள் நான், கல்யாணமாகி. பிறகு அப்பா காலமானார், பிறகு அம்மா, கொஞ்ச வருஷத்தில் அண்ணனும். அண்ணியின் பிள்ளைகள் வேலைக்காக ஆளுக்கொரு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் போன பிறகும் அவள் அங்கே இருந்தாள். இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து நான் போயிருந்த அன்று, தாவாரத்தைக் கடைசியாக ஒரு முறை கூட்டிப் பெருக்கி, கதவைச் சாத்தி, வீட்டுக்காரர் மகனிடம் சாவியைக் கொடுத்தது எஸ்தர் அண்ணிதான்.