பாட்டில் ஆடவில்லை

போன புதன்கிழமை என் மனைவி கப்பல் ஏறினாள்!

போர்ட் பிளேரில் இருந்துகொண்டு இதற்கு ஓர் ஆச்சரியக்குறியா என்று கேட்பீர்கள். சுனாமிக்குப் பிறகு ஏழு வருடமாக சரோஜா கப்பலில் கால் வைத்ததில்லை. கப்பலில் போகவேண்டிய ஹட் பேயில் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். பேத்தியை போட்டோவில்தான் பார்த்திருந்தாள்.

நன்றாகத்தான் இருப்பாள். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உடம்பு நடுங்கும். "என்னங்க, ஆடுது! வெளிய வாங்க!" என்று வீட்டைவிட்டு ஓடுவாள். குட்வில் எஸ்டேட்டில் எங்கள் தெருவே பின்னால் ஓடிவரும். இந்தத் தீவில் காரணம் கேட்டுவிட்டு யார் ஓடுகிறார்கள்?

நான் ரிட்டையர்டு இன்ஜினியர். ஓடமாட்டேன். மேஜைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பார்ப்பேன். பூமி ஆடினால் தண்ணீரும் ஆட வேண்டும் — இங்கே எல்லா வீட்டிலும் இந்தக் கணக்குதான். "வந்து பாருங்க, தண்ணி ஆடுதா?" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டுவேன். எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் தலை குனிந்து உள்ளே வருவாள். நான் ஜெயித்த மிதப்பில் டீ கேட்பேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது... ஆனால் இதைவிட மோசமானது ஒன்று உண்டு.

விமானத்தில் சென்னைக்குக் கூட்டிப்போய் ஹார்ட் செக்கப் செய்தேன். "இதயம் நல்லா இருக்கு. இது பேனிக் அட்டாக். கவுன்சலிங் போனா சரியாகும்" என்று டாக்டர் சீட்டு எழுதி என்னிடம் தந்தார். வெளியே காத்திருந்தவளிடம், "ஒண்ணும் இல்லையாம்" என்றேன். சீட்டை மடித்து டைரிக்குள் வைத்துவிட்டேன். ஹார்ட் என்றால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். மனசு என்றால்?

இரண்டு வருடம் அது டைரியிலேயே கிடந்தது.

மகள் கர்ப்பம் என்று போன் வந்த அன்று, "அம்மாவால கப்பல்ல வர முடியாதுடி" என்று மகளிடம் சொல்லி சரோஜா அழுதாள். அப்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். தேதியைப் பார்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கவுன்சலர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவார். முதல் நாளே அவரிடம் என் பாட்டில் சோதனையைப் பெருமையாக விளக்கினேன்.

"டீக் ஹை, சரி அங்கிள், பாட்டில் ஆடல. ஆன்ட்டி ஆடினாங்களா, இல்லையா?"

சரோஜா சிரித்துவிட்டாள்! அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று...

அப்புறம் வாரம் ஒரு நாள் போனோம். மூச்சை மெதுவாக விடப் பழகினாள். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் கேட் வரை போய்த் திரும்பினோம். அடுத்து, கப்பல் தெரியும் இடம் வரை. ஒருமுறை ஏணியில் கால் வைத்துவிட்டு ஓடியே வந்துவிட்டாள். என் வேலை? கூடவே நிற்பது — வாயை மூடிக்கொண்டு.

புதன்கிழமை கப்பல் நகர்ந்ததும் சரோஜாவுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பக்கத்து சீட் பெங்காலி அம்மா, "க்யா ஹுவா, தீதி?" என்று, என்ன ஆச்சு என விசாரித்தார். வழக்கம்போல 'பிபி' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சரோஜா முந்திக்கொண்டாள்.

"பேனிக் அட்டாக் ஹை. தோடி தேர் மே சலா ஜாயேகா."

கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று அவளே சொல்கிறாள்! அந்த அம்மா நெருங்கி உட்கார்ந்தார். அவர் மருமகளுக்கும் இப்படி வருமாம். கவுன்சலர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நடுக்கம் நின்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

ஹட் பே நெருங்கியபோது தைரியம் வந்தது. "அந்தச் சீட்டை மறைச்சது பெரிய தப்பு, சரோ. மன்னிச்சிரு."

ஜெட்டியில் மகள் குழந்தையோடு நின்றிருந்தாள். சரோஜாவின் கண் அங்கேதான் இருந்தது.

"இப்பதான் வாய் வந்துச்சா? அதை வீட்ல வச்சுப் பேசிக்கிறேன். முதல்ல இந்தப் பையப் பிடிங்க, எனக்கு ரெண்டு கையும் வேணும்."

மொத்தம் மூன்று பைகள். இவ்வளவு சந்தோஷமாக நான் சுமை தூக்கியதே இல்லை!