மைக்கில் அண்ணன் பேர்

என் பத்தாவது வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூட அது தெரியாது. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று என் பக்கம் திரும்பி, தன் பேரை யாராவது சொன்னார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்பான். நான் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இல்லையென்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவன் முகம் தெளிந்துவிடும்; விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பிப்பான். ஊருக்கு மேலே மலையிலிருந்த கோட்டைப் பக்கமிருந்து, போகிற பஸ்ஸிலிருந்து, ஓடாத ஃபேனிலிருந்துகூட அவனை யாரோ கூப்பிட்டார்கள். எது நிஜக் குரல், எது மற்றது என்று பிரித்துச் சொல்ல அவனுக்கு என்னைத் தவிர ஆளில்லை. எனக்கு அது விளையாட்டாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவரிடம் சொல்ல முடியாது. அடியாத மாடு படியாது என்பது அவருடைய ஒரே தத்துவம். எங்கள் வீட்டில் மாடே கிடையாது, பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவர் வேலை பார்த்த ரைஸ்மில்லிலிருந்து வந்த பெல்ட் துண்டு ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அண்ணனுக்கு ஐந்து வயதிலிருந்தே அதோடு பழக்கம். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். அவன் நைனாவின் தோளைத் தாண்டிய பிறகும் அடி நிற்கவில்லை. எனக்கு விழவேண்டியதில் பாதியையும் நடுவில் புகுந்து அவனே வாங்கிக்கொண்டான்.

அவன் தனியாகப் பேசுவது மெல்லத் தெருவுக்குத் தெரிந்துபோனது. பள்ளிக்கூடத்தில் எனக்கு லூசு தங்கச்சி என்று பேர் வந்தது. அவனால்தானே என்று அவன்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பொருள் கொடுத்தவர்கள் பேரை மைக்கில் வாசிப்பது எங்கள் ஊர் வழக்கம். மைக்செட்காரரின் கண்ணாடி உடைந்திருந்ததால், தடங்கலில்லாமல் படிக்கிற பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்னார் வீட்டுக் கேழ்வரகு, இன்னார் வீட்டு முருங்கைக்கீரை என்று ராகம் போட்டு வாசித்தேன். என் குரல் மலைப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி, உங்கண்ணனைக் கூப்பிடேன் பார்க்கலாம் என்று கண்ணைச் சிமிட்டினாள். ஒரு நாளாவது அவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு அவ்வளவு ஆசை. குரலைத் தடிமனாக்கி, அண்ணன் பேரைச் சொல்லி, எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும் என்று இரண்டு முறை அறிவித்தேன். தெருவே சிரித்தது.

அவன் ஓடி வந்தான். பாதிக் குளியலில் எழுந்து வந்திருக்கிறான், தலையெல்லாம் சோப்பு நுரை, சட்டைப் பொத்தான் மாறிப்போயிருந்தது. சிரிப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். நான் அதற்குள் நழுவிக் கூழ் அண்டாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நேராக என்னிடம் வந்து குனிந்தான்.

"இப்ப எம் பேரு சொன்னாங்களா பாப்பா?"

பத்தடி தள்ளி நைனா மைக்செட்காரரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். என்ன விசாரிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"இல்லண்ணா. யாரும் சொல்லல."

அவன் என்னையே பார்த்தான். கண்ணில் கோபமில்லை.

"அப்ப இதுவும் அதான்" என்றான். என் தலையைத் தடவிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மைக்செட்காரர் நல்ல மனிதர், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அடியிலிருந்து தப்பித்தேன்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மேலும் மூன்று வருஷம் ஆனது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். அடிபட்டுப் பயந்து வளர்கிற பிள்ளைகள் சிலருக்கு மூளையின் வளர்ச்சியிலேயே வித்தியாசம் தெரிவதுண்டு, இவருக்கு அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஆரம்பத்திலேயே கூட்டி வந்திருக்கலாம் என்றார். நைனா தரையைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். பழியில் என் பங்கையும் சேர்த்து அவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு ஏதாவது நடந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கூழ் ஊற்றிய நாளுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதே வருஷம் ஆவணி பிறந்ததும் அம்மா, நைனாவுக்குத் தெரியாமல் அவனை விழுப்புரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போகத் துணியெல்லாம் எடுத்துவைத்தாள். கிளம்புவதற்கு முன் என்னைத் தனியாக அழைத்து, அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். அவன் என்னிடம் வழக்கமாக விசாரிப்பதையும், இப்போது விசாரிப்பதே இல்லை என்பதையும் முதல்முறையாகச் சொன்னேன்.

"அண்ணனுக்கு சரியாயிடுச்சிம்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பெட்டியில் வைத்தாள். நானும் கூட இருந்து மடித்துக் கொடுத்தேன். அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.